சிவப்புக் கோடு வரை

வால்டிவியாவில் ஜூன் மாதம்.
மழை பெய்கிறது என்று இங்கே யாரும் சொல்வதில்லை,
நின்றால்தான் சொல்வார்கள்.

ஹிமேனா பழைய மேசையின் கால்களை அறுத்தபோது
சிரித்தேன்.
என் முழங்காலுக்குக் கீழே ஒரு வீடு முளைத்தது:
குட்டைக் கொக்கியில் குட்டி மேலங்கி,
உள்ளங்கை அகலத்தில் ஒரு துடைப்பம்,
கண்ணாடிக் குடுவை,
தண்ணீர் எதுவரை என்று அதில்
சிவப்பு நாடாவால் ஒரு கோடு.
"உடையுமே" என்றேன்.
"உடையும் என்று அவளுக்கும் தெரியட்டும்"
என்றவள் பேருந்துக்கு ஓடினாள்.

அதெல்லாம் கை போவதற்கு முன்.
அப்போது நான் ஆற்றங்கரைச் சந்தையில்
நிமிடத்துக்கு நான்கு மீன் கிழிப்பவன்.
குடலை வீசுமுன்னே வாய் திறக்கும் கடற்சிங்கங்கள்
என் வேகத்துக்குப் பழகியிருந்தன.
வீட்டிலும் அதே கைதான்.
ரயென் முதல் பித்தானை
உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
ஐந்தையும் மாட்டிவிடுவேன்.
அழுவாள். அவிழ்ப்பாள்.
மறுபடி முதலிலிருந்து.
வேலையை முடித்துக் கொடுத்தவன்மேல்
என்ன கோபம் என்று புரிந்ததே இல்லை.

கத்தி வழுக்கிய நாளை விடுங்கள்.
முழங்கை வரை கட்டு. ஆறு வாரம்.
கட்டைவிரல் இனி மடங்குமா என்றதற்கு
மருத்துவர் சொன்னது: "பார்க்கலாம்."

இப்போது காலை எட்டு மணி.
அடுப்பில் ஈர விறகு முனகுகிறது.
நாங்கள் இரண்டு பேர்.
மொத்தம் மூன்று கைகள்.

அவள் அவரை விதைகளைக் கரண்டியால்
ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறாள்.
எல்லாம் போய்ச் சேர்ந்ததும்
எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவருகிறாள்.
ஒன்று தவறி விழுந்தால் உலகம் நிற்கிறது.
குனிகிறாள், இரு விரலால் எடுக்கிறாள்,
ஊதுகிறாள்.
உலகம் நகர்கிறது.

நான் இடக்கையால் முட்டை உரிக்கிறேன்.
வெள்ளைக்கரு ஓட்டோடு பிய்ந்து வருகிறது.
நுனிநாக்குக்கு வந்த கெட்ட வார்த்தையைப்
பிள்ளை முகம் பார்த்து விழுங்கினேன்.
தட்டைப் பிடுங்கிக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன்.
நானாயிருந்தால் பிடுங்கியிருப்பேன்.
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.
மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.
முட்டையில் பாதி தேறியது.
"ம்" என்றாள். அவ்வளவுதான்.

காப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போட
சந்தைக்குப் போக வேண்டியிருந்தது.
அந்த அகலக் கை மழைமேலங்கியோடு
சுவரில் முட்டி, பல்லால் கவ்வி,
ஒரு தோளில் தொங்கவிட்டு மறுதோளைத் தேடி
வாலைத் துரத்தும் நாயாகச் சுற்றினேன்.
ரயென் தன்னுடையதை எடுத்தாள்.
தலைகீழாய்த் தரையில் விரித்தாள்,
கழுத்துப்பட்டி தன் காலருகே.
குனிந்து இரண்டு கைகளையும் நுழைத்தாள்.
தலைக்கு மேலாக ஒரே வீச்சு,
வலை எறிகிறவனின் வீச்சு.
உடுத்தி நின்றாள்.
என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை,
பூட்ஸைத் தேடிப் போய்விட்டாள்.

நாற்பத்தொரு வயது. தொண்ணூறு கிலோ.
சமையலறைத் தரையில் மண்டியிட்டு
மேலங்கியைத் தலைகீழாய் விரித்தேன்.
கட்டுப் போட்ட கை முதலில். வலித்தது.
பிறகு இன்னொன்று.
பிறகு வீச்சு.

குட்டை மேசையிலிருந்த குடுவை போயிற்று.
மூன்று பெரிய துண்டு, கணக்கில்லாத சின்னது.
சிவப்பு நாடா மட்டும் இரண்டு துண்டுகளை
விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.
தண்ணீர் பலகை இடுக்கில் அவசரமாக இறங்கியது.

ரயென் வாசலில் வந்து நின்றாள்,
பூட்ஸ் இடம் வலம் மாறி.
"உடையும்" என்றாள்,
அவள் அம்மாவின் குரலில்.
"அங்கேயே நில்" என்றேன்.
நின்றாள்.
நின்ற இடத்திலிருந்தே கைநீட்டி
கொக்கியிலிருந்த துடைப்பத்தை எடுத்து
என் பக்கம் நீட்டினாள்.

உள்ளங்கை அகலம்தான்.
என் இடக்கைக்கு அது
கொஞ்சம் பெரிதாக இருந்தது.